இட்டேரி நெருஞ்சி

அக்கா மகன் போன தீபாவளிக்கு வந்திருந்தபோது கைப்பேசியில் ஒரு டப்பாவின் படத்தைக் காட்டி, "மாமா, இதை வாங்கலாமுங்களா?" என்று கேட்டான். கறுப்பு டப்பா. மேலே முறுக்கேறிய தோளோடு ஒருவன். கீழே 'ட்ரைபுலஸ் டெரஸ்ட்ரிஸ்' என்று பெரிய எழுத்து. இதைச் சாப்பிட்டால் ஆண் ஹார்மோன் கூடும், தசை ஏறும், களைப்பே தெரியாது என்று ஜிம்மில் கூட வருகிற பையன் சொன்னானாம். விலை ஆயிரத்துச் சொச்சம். "மாப்ளே, இது நம்ம நெருஞ்சி" என்றேன். "முள்ளுங்களா?" என்றான். நெருஞ்சி என்றால் அவனுக்கு முள், அதற்கு மேல் எதுவும் இல்லை. அதில் ஒரு பூ உண்டு, அது மஞ்சளாக இருக்கும் என்றெல்லாம் அவன் யோசித்ததே இல்லை. இத்தனைக்கும் சின்ன வயதில் விடுமுறை தவறாமல் எங்கள் ஊருக்கு வந்து, அந்த முள்ளை மிதித்து அழுது வளர்ந்தவன்தான். வாங்க வேண்டாம் என்று அன்றைக்குச் சொல்லிவிட்டேன். ஏன் என்று உட்காரவைத்துச் சொல்ல நேரமில்லை. அந்தப் பதிலை எழுதலாம் என்றுதான் இதைத் தொடங்கினேன். எழுத எழுத டப்பா பின்னுக்குப் போய்விட்டது, செடி முன்னால் வந்து நின்றுவிட்டது.

எங்கள் ஊர் காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில், மேட்டுக்காட்டில் இருக்கிறது. மேற்கே மலை மழையைத் தடுத்துக்கொள்கிறது. ஆடி மாதம் காற்று மட்டும் வரும். ஐப்பசி மழை ஏமாற்றாமல் இருந்தால்தான் ஆண்டு ஓடும். மேலே சிவப்புச் சரளை, கொஞ்சம் தோண்டினால் பாறை. வெள்ளாமைக்கு ஒத்துவராத இந்த நிலத்தைத்தான் கொறங்காடு என்று மேய்ச்சலுக்கு விட்டிருக்கிறார்கள்: சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரம். இரண்டு காடுகளின் வேலிக்கு நடுவே ஆளும் ஆடும் வண்டியும் போய்வருகிற சந்து, இட்டேரி. நெருஞ்சியைத் தேடிப் போனால் முதலில் இந்த இட்டேரிக்குத்தான் போக வேண்டும். வேலிக்கு உள்ளே புல் அடர்ந்த இடத்தில் அது அவ்வளவாக இருக்காது. மிதிபட்டு மிதிபட்டு மண் இறுகி, வேறு எதுவும் முளைக்கத் தயங்குகிற நடுத்தடத்தில் சப்பென்று பரந்து கிடக்கும். இதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். ஆனால் ஏன் அங்கே என்ற கேள்வி, மாப்பிள்ளை அந்த டப்பாவைக் காட்டிய பிறகுதான் எனக்குள் உட்கார்ந்துகொண்டது.

காலையில் வெயில் ஏறுவதற்குள் போய்க் குனிந்து பாருங்கள். ஒரே வேரிலிருந்து நான்கு பக்கமும் கொடி போலக் கிளைகள் தரையோடு தரையாக ஓடியிருக்கும். இலை, புளிய இலையைச் சின்னதாக்கியது மாதிரி, இணை இணையாகச் சிற்றிலைகள், மேலே சாம்பல் பூத்தது போலப் பூனைமயிர். ஒவ்வொரு கணுவிலும் எதிரெதிராக இரண்டு இலை வரும். அந்த இரண்டில் ஒன்று எப்போதும் இன்னொன்றைவிடச் சின்னது. பூ ஒரு சென்டிமீட்டர் அகலம்தான். ஐந்து இதழ், நல்ல எலுமிச்சை மஞ்சள், நடுவில் பத்து மகரந்தத் தாள்கள். காலையில் விரிந்து, சூரியன் இருக்கும் பக்கம் முகம் வைத்திருக்கும். மத்தியானம் தாண்டினால் இதழ் உதிர ஆரம்பித்துவிடும். மாலையில் வந்து பார்ப்பவருக்கு அங்கே பூ இருந்ததே தெரியாது. ராத்திரியில் சிற்றிலைகளையும் மடக்கிக்கொள்ளும். சோளமும் கம்பும் கரியமில வாயுவைப் பிடிக்கும் அதே சி4 முறையைத்தான் இதுவும் வைத்திருக்கிறது. அதனால் மற்றச் செடிகள் துவண்டு நிற்கிற வெயிலில், கொஞ்சத் தண்ணீரை வைத்துக்கொண்டு இது வேலை செய்கிறது. ஆணிவேர் கல்லிடுக்கில் நேராக இறங்கும். காய்ந்த மண்ணில் பிடுங்கினால் மேல்பாதி கையோடு வரும், வேர் உள்ளேயே நின்றுவிடும்.

புறநானூற்றில் மோசிகீரனார் ஓரிடத்தில் 'பாழூர் நெருஞ்சி' என்கிறார். பாழ்பட்ட ஊரின் நெருஞ்சிப் பூ எழுகிற சூரியனை எதிர்கொள்வது போல, வறுமைப்பட்ட புலவர்களின் உண்கலங்கள் கொண்கான நாட்டுத் தலைவனின் மார்பை நோக்கி மலர்ந்தன என்று பாட்டு. வகுப்பில் இதை நடத்தும்போது சூரியனைப் பார்க்கும் பூ என்ற உவமையோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு அந்தப் 'பாழூர்'தான் பெரிதாகப் படுகிறது. வெறும் காடு என்று அவர் சொல்லியிருக்கலாம். ஆள் இருந்து போன ஊர் என்கிறார். ஊர் என்றால் தெரு உண்டு, களம் உண்டு, தலைமுறை தலைமுறையாக மிதித்து இறுகிய மண் உண்டு. சனம் போய்விட்டது, களை செத்துகிற ஆளில்லை, வெயில் அப்படியே விழுகிறது. நெருஞ்சிக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. அந்தப் புலவர் இந்தச் செடியைக் குனிந்து பார்த்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும்: அந்த நெருஞ்சியை அந்த ஊருக்குக் கொண்டுவந்ததும் அங்கே நடந்த கால்களாகத்தான் இருக்கும்.

முள்ளுக்குள்ளே

பச்சைக் காய் பார்க்கச் சின்னப் பொத்தான் மாதிரி, ஐந்து மூலையோடு இருக்கும். முற்றிக் காய்ந்ததும் ஐந்து துண்டாகப் பிரியும். நாம் நெருஞ்சி முள் என்று சொல்வது இந்தத் துண்டைத்தான். ஒவ்வொன்றிலும் பெரிதாக இரண்டு முள், கீழே சின்னதாக இரண்டு. ஒரு துண்டைக் கையில் உருட்டி மேசைமேல் போடுங்கள். எப்படி விழுந்தாலும் ஏதாவது ஒரு முள் மேலே பார்க்கும். பழைய காலத்துப் படைகள் குதிரைக் குளம்பைக் கிழிக்க வழியில் இறைத்த இரும்பு முட்களும் இதே அமைப்புதான். வெறுங்காலில் தைத்தால் துண்டு முழுசாகக் காலோடு வரும். பிடுங்கி எறிந்துவிடுவோம், எறிந்த இடத்தில் அது முளைக்கும். ரப்பர் செருப்பு வந்த பிறகு அதற்கு இன்னும் வசதி. இட்டேரியில் ஒரு நடை போய்வந்து செருப்பைத் திருப்பினால் அடியில் வரிசையாகக் குத்தி நிற்கும். நமக்கு வலிப்பதே இல்லை. ஆகவே வீடு வரைக்கும் சுமந்து வருகிறோம். எங்கள் வீட்டு வாசற்படி ஓரத்தில் நெருஞ்சி முளைப்பதன் காரணம் அதுதான்.

தீபாவளி கழிந்து அவன் ஊருக்குப் போன பிறகு, ஒரு நாள் அம்மாவின் பாக்குவெட்டியை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தேன். செருப்பிலிருந்து பிடுங்கிய முற்றிய துண்டுகளை நறுக்கிப் பார்க்கலாம் என்றுதான். லேசில் உடையவில்லை. பாக்கைவிடக் கெட்டி, வழுக்கிக்கொண்டு பறந்தது. இரண்டு மூன்று வீணான பிறகு ஒன்று நீளவாக்கில் சரியாகப் பிளந்தது. உள்ளே ஒரே விதை இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. சின்னச் சின்ன அறை. கட்டைச் சுவர் ஒவ்வொரு அறையையும் பிரிக்கிறது. ஒவ்வொரு அறையிலும் ஒரு வெளிர் விதை, எள்ளைவிடக் கொஞ்சம் மெலிந்தது. ஒரு முனையில் இருந்தது நல்ல கொழுகொழுவென்று. அடுத்தது சின்னது. அதற்கடுத்தது இன்னும் சின்னது. அடுத்த துண்டிலும் அதே கதை. சிலவற்றில் பொடித் துளை, உள்ளே விதையைத் தின்று தீர்த்துவிட்டுப் போன வண்டின் தூள்.

அப்புறம் தேடிப் படித்தபோது விஷயம் புரிந்தது. முதல் மழைக்குப் பெரிய விதை முளைக்கும். மற்றவை உறங்கும். அந்த நாற்று காய்ந்தாலும், ஆடு கடித்தாலும், அறைக்குள் மற்றது காத்திருக்கிறது. அடுத்த மழைக்கோ, அடுத்த ஆண்டுக்கோ, அதற்கடுத்த ஆண்டுக்கோ. எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, சோளம் விதைக்கும்போது மொத்த விதையையும் ஒரே மழையை நம்பி இறைக்க மாட்டார். குதிரில் ஒரு பங்கு நிற்கும். மழை ஏமாற்றினால் மறுவிதைப்புக்கு அதுதான் கைமுதல். மேட்டுக்காட்டுக்காரன் பட்டுப் பட்டுத் தெரிந்துகொண்ட கணக்கு அது. அதே கணக்கு ஒரு முள்துண்டுக்குள், ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத இடத்தில், கட்டைச் சுவர் வைத்து அடுக்கப்பட்டிருப்பதைப் பார்த்தபோது எனக்குக் கை நின்றுவிட்டது. இந்தச் செடியைப் பற்றி என் எண்ணம் மாறியது அந்தத் திண்ணையில்தான். அதுவரை முள்ளைக் காலோடு மட்டும் சேர்த்தே யோசித்தேன். அந்த முள் விதைக்கு வண்டி, விதைக்குக் குதிர், விதைக்குக் காவல். மூன்றையும் ஒரே பொருள் செய்கிறது.

காவல் என்றேனே, அது எவ்வளவு பெரிய காவல் என்பதற்கு உலகத்தின் இன்னொரு கோடியில் ஒரு சாட்சி இருக்கிறது. பசிபிக் கடலில் கலாபகோஸ் தீவுகளில் டாஃப்னி மேஜர் என்று ஒரு சின்னப் பாறைத்தீவு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற விஞ்ஞானத் தம்பதி 1973இலிருந்து அங்கே கூடாரம் போட்டு, குருவிகளுக்கு வளையம் மாட்டி, அலகை அளந்து வந்தார்கள். 1977இல் கடும் வறட்சி. புல் விதை, சின்ன விதை எல்லாம் தீர்ந்துபோயின. மிஞ்சியதில் முக்கியமானது ஒரு நெருஞ்சி. நம்முடையது இல்லை, அதன் நெருங்கிய சொந்தமான ட்ரைபுலஸ் சிஸ்டாய்டிஸ். அதன் முட்காயை உடைக்க அலகு தடிப்பாக இருக்க வேண்டும். அவர்கள் கவனித்துவந்த நடுத்தரத் தரைக்குருவிகளில் சுமார் 85 சதவீதம் அந்த வறட்சியில் அழிந்தன. பிழைத்தவற்றின் அலகு சராசரியாக அரை மில்லிமீட்டர் தடிப்பு கூடுதல். அவற்றின் குஞ்சுகளுக்கும் அந்தத் தடிப்பு வந்தது. டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வை மனிதன் தன் ஆயுளுக்குள்ளேயே கண்ணால் பார்த்து அளந்த நேர்த்தியான நிகழ்ச்சிகளில் இது ஒன்று. அந்த அரை மில்லிமீட்டருக்குப் பின்னால் ஒரு நெருஞ்சிக் காயின் கெட்டித்தனமும் இருக்கிறது. பாக்குவெட்டி வழுக்கியதை நினைத்துக்கொண்டேன்.

வண்டி வேலையையும் அது ஒழுங்காகச் செய்திருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் தட்டுப்பட்டு, ரயில் பாதைகளை ஒட்டி அமெரிக்காவின் வறண்ட மேற்குப் பகுதி முழுக்கப் பரவிவிட்டது. இரண்டு கொம்பு நீட்டிய துண்டைப் பார்த்து அங்கே 'ஆட்டுத்தலை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சைக்கிள்காரர்களுக்கு அது எமன். ஐடஹோ மாநிலத்துப் போய்சி நகரில் இந்த முள்ளின் பெயராலேயே 2018இல் ஒரு சைக்கிள் திருவிழாவைத் தொடங்கினார்கள். ஊர்க்காரர்கள் செடியைப் பிடுங்கி மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அதற்கு வெகு முன்பே, 1961இல், அமெரிக்க அரசு இத்தாலியிலிருந்து இரண்டு வகை மூக்கு வண்டுகளைக் கொண்டுபோய் விட்டது. ஒன்று காய்க்குள் முட்டையிட்டு விதையைத் தின்னும், இன்னொன்று தண்டைக் குடையும். இந்த வண்டுகள் நம் நாட்டிலும் இயல்பாகவே இருப்பவை. நான் நறுக்கியதில் துளைவிழுந்த துண்டுகள் அந்த வகை வேலைதான் என்று நினைக்கிறேன். தின்பதற்கு ஆள் இருக்கிற ஊரில் எந்தச் செடியும் தலைகால் தெரியாமல் பெருகிவிடாது.

டப்பாவுக்கு வருகிறேன்

நெருஞ்சி மருந்து இல்லை என்று சொல்ல நான் யார்? தசமூலம் என்கிற பத்து வேர்களில் இது ஒன்று. கோடையில் நீர்க்கடுப்பு என்று யாராவது சுருண்டு படுத்தால், அமுச்சி (பாட்டி) நெருஞ்சிக் காயை உரலில் நசுக்கி, தண்ணீர் பாதியாக வற்றும்வரை காய்ச்சி, வடிகட்டிக் கொடுக்கும். சித்த மருத்துவர்கள் கல்லடைப்புக்கும் கொடுக்கிறார்கள். நாட்டு மருந்துக் கடையில் சிறுநெருஞ்சில் என்று கேட்டு வாங்க வேண்டும். பெருநெருஞ்சில், அதாவது யானை நெருஞ்சில், முற்றிலும் வேறு செடி, எள்ளின் குடும்பம். அதன் தழையைத் தண்ணீரில் ஆட்டினால் தண்ணீர் வெண்டைக்காய் போலக் கொழகொழவென்று ஆகிவிடும். இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். கல் இருக்கிறது என்று சந்தேகப்பட்டால் முதலில் ஸ்கேன் எடுத்து அதன் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள், பிறகு கஷாயமோ வேறோ மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம்.

தசை ஏறும் கதை வேறு. அது நம் ஊரில் பிறந்ததில்லை. 1980களில் பல்கேரியாவில் இந்தச் செடியின் சாற்றிலிருந்து ஒரு மாத்திரை வந்தது. அதில் புரோட்டோடயோசின் என்ற பொருளைக் காட்டி, ஆண் ஹார்மோனைக் கூட்டும் என்றார்கள். அந்த நாட்டுப் பளுதூக்கும் வீரர்களின் பேரோடு சேர்ந்து அது உலகம் சுற்றியது. பிறகு ஒழுங்காகச் சோதித்தார்கள். 2005இல் வெளியான ஒரு பல்கேரிய ஆய்வில் 21 இளைஞர்கள்; நான்கு வாரம் கொடுத்துப் பார்த்தும் டெஸ்டோஸ்டிரோன் அளவில் மாற்றம் இல்லை. 2007இல் ஆஸ்திரேலியாவில் 22 ரக்பி வீரர்களைப் பிரித்து, பாதிப் பேருக்கு இதையும் பாதிப் பேருக்கு வெற்று மாத்திரையையும் ஐந்து வாரம் கொடுத்தார்கள். பலத்திலும் தசையிலும் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. செடி பிறந்ததிலிருந்து செய்யாத வேலையை டப்பாவில் அடைத்தால் மட்டும் எப்படிச் செய்யும்? ஆயிரம் ரூபாய்க்கு முட்டையும் கடலையும் வாங்கித் தின்னு மாப்ளே என்று இப்போது எழுத்தில் சொல்கிறேன்.

"இயற்கைதானே மாமா, கெடுதல் ஒண்ணும் இருக்காதுங்க" என்றும் அன்றைக்குச் சொன்னான். அந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதே இல்லை. தென்னாப்பிரிக்காவில் கரூ என்று ஒரு வறண்ட பாறைப் பிரதேசம், நம் கொறங்காட்டின் பத்து மடங்கு மாதிரி, செம்மறி ஆடுகளின் நாடு. அங்கே மழைக்குப் பின் தழைத்த நெருஞ்சி வெயிலில் வாடும் சமயத்தில் அதை மேய்ந்த ஆடுகளுக்கு ஒரு நோய் வரும். செடியில் உள்ள சபோனின் என்ற பொருள் ஈரலில் படிகமாகிப் பித்தக்குழாயை அடைத்துவிடும். தோல் வெயிலைத் தாங்காமல் போய், முகமும் காதும் வீங்கி, உடம்பு மஞ்சளாகும். காய்ந்த புல்லில் வளரும் ஒரு பூஞ்சையின் நஞ்சும் இதில் கூட்டுச் சேர்கிறது. மஞ்சள் வீக்கத்தலை என்ற அர்த்தத்தில் 'கீல்டிக்கோப்' என்று அந்த ஊர் மொழியில் பெயர். பெருமழை ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் ஆடுகள் விழுந்திருக்கின்றன. எங்கள் பக்கம் ஆடு மேய்க்கும் பெரியவர்கள் வாடின நெருஞ்சியில் ஆட்டைப் பட்டினி வயிற்றோடு விட மாட்டார்கள். நல்ல பொருள், கெட்ட பொருள் என்று ஒரு செடிக்கு நிரந்தரப் பட்டம் கொடுக்க முடியாது. எவ்வளவு, எப்போது, யாருக்கு என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இட்டேரியில்

போன மாசியில் அப்பாவுக்கும் எனக்கும் ஒரு வாக்குவாதம். இட்டேரி முழுக்க நெருஞ்சி ஏறிவிட்டது, பால்காரர் வண்டி வாரத்துக்கொரு தடவை பஞ்சர், களைக்கொல்லி அடித்துவிடலாம் என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பஞ்சர் ஒட்டக் காசு போகிறது, கன்றுக்குட்டி நொண்டுகிறது. ஆனால் களைக்கொல்லி மேலே இருப்பதைத்தான் கருக்கும். மண்ணுக்குள் அறைக்குள் தூங்குகிற விதையை அது தொடாது. அடித்த இடம் மொட்டையாகும். மொட்டை மண்தான் நெருஞ்சிக்கு வேண்டியது. வேலி ஓரத்துக் கொழுக்கட்டைப் புல்லும் சேர்ந்து கருகினால் இட்டேரி மொத்தமும் அதற்கே என்று ஆகிவிடும். இதை அப்பாவிடம் ஒரு பிளந்த துண்டைக் கையில் வைத்துக் காட்டிச் சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "மறுவிதைப்புக்கு வெச்சிருக்குது" என்றார், நான் சொல்வதற்கு முன்னாலேயே.

மருந்து அடிக்கவில்லை. மழை பெய்த மறுநாள் மண் இளகியிருக்கும்போது, பூ விட்டுக் காய் முற்றாத செடிகளை வண்டித்தடத்தில் மட்டும் வேரோடு பிடுங்குகிறோம். ஈர மண்ணில் ஆணிவேர் முழுசாக வருகிறது. பிடுங்கியதைத் தடத்திலேயே போடுவதில்லை, அரைகுறைக் காய் செடியிலேயே முற்றிவிடும் என்பதால் ஒரு சாக்கில் போட்டு எரிக்கிறோம். உதிர்ந்து கிடக்கும் பழைய முள்ளுக்கு ஈரச்சாக்கை இழுத்துக்கொண்டு நடந்தால் போதும், ஏராளமாக ஒட்டிக்கொள்ளும். தடத்துக்கும் வேலிக்கும் நடுவே கொழுக்கட்டைப் புல் விதையைத் தூவியிருக்கிறோம். பாறைமேட்டுப் பக்கம், ஆள் போகாத சரளையில் இருப்பதை அப்படியே விட்டாயிற்று. அங்கே தேனீ வருகிறது, அந்த மூக்கு வண்டும் எங்கேயாவது பிழைக்க வேண்டும். அடுத்த ஐப்பசிக்குத் தடத்தில் எவ்வளவு முளைக்கிறது என்று பார்த்துவிட்டு, மருந்து அடிப்பதா வேண்டாமா என்று மறுபடி பேசலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.